நேபாள மலைக்கிராமங்களில் நடந்துபோய்த் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமயமலை ட்ரெக்கிங் என்றால் எல்லோரும் சிகரங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இந்தப் பக்கம் சிகரங்களுக்குக் கீழே இருக்கும் வீடுகளைப் பற்றியது. ரசுவா மாவட்டத்தில் தமாங் என்னும் இன மக்கள் வாழும் கிராமங்களை மையமாக வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பழக்கவழக்கங்களில் பெரும்பகுதி நேபாளத்தின் மற்ற மலைப்பகுதிகளுக்கும் பொருந்தும்.

முதல்முறை போகிறேன். எந்த வழியில் நடக்கலாம்?

கிராமத்து வீடுகளில் தங்குவதுதான் உங்கள் ஆசை என்றால் யோசிக்கவே வேண்டாம், தமாங் பாரம்பரிய வழிக்குப் போங்கள். காத்மாண்டுவுக்கு வடக்கே, திபெத் எல்லையை ஒட்டி இருக்கிறது ரசுவா. சியாப்ருபேசி என்ற சிற்றூரில் தொடங்கும் பாதை கட்லாங், தாதோபானி, நாக்தாலி, துமன், பிரித்திம் வழியாகச் சுற்றி மறுபடியும் சியாப்ருபேசிக்கே வந்து சேரும். நடை மட்டும் ஐந்தாறு நாள். வழியில் மிக உயரமான இடம் நாக்தாலி, சுமார் 3,165 மீட்டர். கட்லாங்கும் பிரித்திமும் 2,200 மீட்டரை ஒட்டியவை. உயரத்தால் வரும் தொல்லை இந்த வழியில் குறைவு என்பதால் முதல்முறை வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. அந்த வழியும் அழகுதான். ஆனால் அங்கே நீங்கள் தங்குவது வரிசையாகக் கட்டிய லாட்ஜுகளில். ஒரு வீட்டின் அடுப்படியில் உட்கார்ந்து அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிடும் வாய்ப்பு அங்கே அரிது.

2000களின் தொடக்கத்தில் நேபாள அரசும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் வெளிநாட்டு உதவி அமைப்புகளும் சேர்ந்து, கிராமத்து ஏழ்மையைக் குறைப்பதற்காக ஒரு சுற்றுலாத் திட்டத்தை நடத்தின. அதற்குத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் ரசுவாவும் ஒன்று. அப்போது உருவானதுதான் இந்தத் தமாங் வழி. இங்கே விருந்தினரை வீட்டில் ஏற்பது சாலையோரத்தில் தானாக முளைத்த வியாபாரமல்ல. ஊர் கூடிப் பேசி ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு.

இன்னொரு விஷயம். பழைய பயணக் கையேடுகள் தாதோபானியின் வெந்நீர் ஊற்றைப் புகழ்ந்து எழுதியிருக்கும். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு அது வற்றிப்போனது. குளிக்கும் நினைப்பில் அங்கே போக வேண்டாம்.

ஹோம்ஸ்டேக்கும் டீ ஹவுஸுக்கும் என்ன வித்தியாசம்?

டீ ஹவுஸ் என்பது பாதையோர விடுதி. அறை, உணவுப் பட்டியல், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் இருக்கும். ஹோம்ஸ்டேயில் ஒரு குடும்பம் தன் வீட்டில் ஓர் அறையை உங்களுக்குக் கொடுக்கிறது. தனிச் சமையல் கிடையாது. அவர்கள் உண்பதை நீங்களும் உண்பீர்கள்.

நேபாள அரசு 2010இல் ஹோம்ஸ்டேக்கான நடைமுறை விதிகளைக் கொண்டுவந்தது. சமூக ஹோம்ஸ்டேயாகப் பதிவு செய்ய ஓர் ஊரில் குறைந்தது ஐந்து வீடுகளாவது சேர வேண்டும். ஒரு வீட்டில் விருந்தினருக்கென்று நான்கு அறைகளுக்கு மேல் ஒதுக்கக் கூடாது. பல ஊர்களில் விருந்தினர்களை வீட்டுக்கு வீடு முறைவைத்து அனுப்ப ஊர்க் குழு இருக்கிறது. வசதியான வீட்டுக்கே எல்லோரும் போய்விடாமல் வருமானம் பரவலாகப் போய்ச் சேரத்தான் இந்த முறை. குழு காட்டும் வீட்டை மாற்றித் தரச் சொல்லாதீர்கள். அந்தக் குடும்பம் தன் முறைக்காகக் காத்திருந்திருக்கும்.

நடைமுறையில் இந்த எல்லை அவ்வளவு தெளிவாக இருக்காது. ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டிய இடம் சிறு லாட்ஜாக இருக்கும். லாட்ஜ் என்று எழுதிய இடத்தில் பாட்டி முதல் பேத்தி வரை குடும்பமே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். பலகையை நம்பாமல் அடுப்படி எங்கே என்று கேளுங்கள். அங்கே உட்கார அனுமதித்தால் அது நீங்கள் தேடி வந்த வீடு.

வேறு கிராமங்களும் உண்டா? அவ்வளவு நடக்க முடியாதவர்கள் எங்கே போவது?

பொக்ராவுக்குத் தெற்கே சியாங்ஜா மாவட்டத்தில் சிருபாரி என்ற, குருங் இன மக்களின் கிராமம் இருக்கிறது. நேபாளத்தில் கிராம ஹோம்ஸ்டே முறையாகத் தொடங்கியது இங்கேதான், 1997இல். இந்திய, பிரிட்டிஷ் ராணுவங்களில் கூர்க்கா வீரர்களாக இருந்து ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த ஊர். அதனால் இந்தியில் பேசிச் சமாளிக்கலாம். விருந்தினர் வந்தால் ஊர் எல்லையிலேயே பஞ்சை பாஜா என்னும் மேளதாளத்தோடு மாலை போட்டு அழைத்துப் போவார்கள். லம்ஜுங் மாவட்டத்துக் கலே காவும் இதே போன்ற குருங் ஊர்தான். ஜீப்பிலேயே போய் இறங்கலாம். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இவை இரண்டும் பொருத்தம்.

குருங் ஊர்களில் ‘ஆமா சமூஹ’ என்ற தாய்மார் குழுக்களைப் பார்ப்பீர்கள். மாலை நேரத்தில் ஆடிப் பாடி வரவேற்பவர்கள் அவர்கள்தான். அப்போது சேரும் பணம் பாதை, பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய் என்று ஊர்ப் பொதுவேலைக்குப் போகிறது. ஆட்டம் முடிந்ததும் தட்டில் கொஞ்சம் பணம் வைப்பது வழக்கம்.

பாஸ்போர்ட், விசா வேண்டுமா?

இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதார் மட்டும் போதும் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். 15 முதல் 65 வயதுக்குள் இருப்பவர்களிடம் அதை ஏற்க மாட்டார்கள். இலங்கைக் குடிமக்களுக்கு, தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாட்டவர் என்பதால், ஓர் ஆண்டில் முதல்முறை வரும்போது 30 நாள் விசா வந்திறங்கியதும் இலவசமாகவே கிடைக்கும். மலேசியா, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் காத்மாண்டு விமான நிலையத்திலேயே கட்டணம் செலுத்தி விசா வாங்கலாம்.

ரசுவாவுக்குப் போகும் சாலையே லாங்டாங் தேசியப் பூங்காவுக்குள் போவதால் பூங்கா நுழைவுச் சீட்டு வேண்டும். துன்சே சோதனைச் சாவடியில் கேட்பார்கள். சார்க் நாட்டவருக்குக் கட்டணம் மற்ற வெளிநாட்டவர் கட்டுவதைவிடக் குறைவு. நாட்டைக் காட்டும் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?

டெல்லி வழியாக விமானத்தில் காத்மாண்டு. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் சென்னை வழியாகப் போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர் வரை போய், அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் சோனௌலி எல்லையைக் கடந்து, பேருந்தில் காத்மாண்டுவோ பொக்ராவோ போகலாம். நாட்கள் அதிகம் ஆகும்.

காத்மாண்டுவிலிருந்து சியாப்ருபேசி தூரத்தில் அதிகமில்லை. ஆனாலும் பேருந்தில் ஒரு முழுப்பகல் ஆகும். மலைச்சாலை. மண் சரிந்தால் இறங்கி நடந்து, மறுபக்கம் நிற்கும் வண்டியில் ஏற வேண்டிவரும். 2025 ஜூலையில் ரசுவாகதி எல்லையில் வந்த வெள்ளம் அங்கிருந்த நட்புப் பாலத்தையே அடித்துப் போனது. கிளம்புவதற்கு முன்தினம் சாலை எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளாவது காத்மாண்டுவில் மிச்சம் வையுங்கள்.

எந்த மாதம் நல்லது?

அக்டோபரும் நவம்பரும். வானம் தெளிவாக இருக்கும். அடுத்தபடியாக மார்ச், ஏப்ரல். அப்போது லாலிகுராஸ் பூத்து மலைச்சரிவு சிவந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அட்டை, மண்சரிவு. நம் தசரா போன்ற தசைன் பண்டிகை நாட்களில் நேபாளமே சொந்த ஊருக்குப் போகும். பேருந்தில் இடம் கிடைக்காது.

குளிரைத் தாங்குவீர்கள் என்றால் ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரி முற்பாதியும் பாருங்கள். அந்த வாக்கில் வரும் சோனாம் லோசார் தமாங்குகளின் புத்தாண்டு. டம்பூ என்னும் கைப்பறையோடு பாட்டும் ஆட்டமுமாக இருக்கும். கிராமத்தில் வீட்டு ஆட்கள் எல்லோரும் இருக்கும் அபூர்வமான நாட்கள் அவை. வெளிநாட்டுக்கும் நகரத்துக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் ஊர் திரும்பியிருப்பார்கள்.

கைடு கட்டாயமா?

2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு மலையேறிகள் உரிமம் பெற்ற கைடோடுதான் போக வேண்டும் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் அறிவித்தது. விதி எல்லா இடத்திலும் ஒரே கண்டிப்போடு அமலாவதில்லை. விதி இல்லாவிட்டாலும் இந்த வழிக்குக் கைடு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ரசுவாவைச் சேர்ந்த, தமாங் பேசும் கைடாகப் பார்த்துக் கேளுங்கள். அவர் உங்களோடு இருந்தால் அடுப்படியில் வயதானவர்கள் பேசுவதெல்லாம் உங்களுக்கும் வந்து சேரும். இல்லாவிட்டால் சிரித்துத் தலையாட்டிவிட்டுத் தூங்கப் போக வேண்டியதுதான். வயதில் மூத்த தமாங்குகள் பலருக்கு நேபாளியைவிடத் தமாங் பேசுவதுதான் இயல்பு.

மலை ஏறிய பழக்கமே இல்லை. முடியுமா?

தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கவும், வாரம் ஒருநாள் மாடிப்படி ஏறி இறங்கவும் இரண்டு மாதம் பழகினால் தமாங் வழியை முடிக்கலாம். இறக்கத்தில் முட்டி வலிக்கும். ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து லாங்டாங் பள்ளத்தாக்குக்கும் தொடர்ந்தால் கதை வேறு. லாங்டாங் கிராமம் 3,400 மீட்டருக்கு மேல், க்யான்ஜின் கோம்பா 3,800 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. 2,500 மீட்டரைத் தாண்டினாலே உயரநோய் வரலாம். 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு இரவும் தூங்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் ஓய்வு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவு என்று பார்க்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். இதில் உடற்பயிற்சி செய்தவர், செய்யாதவர் என்ற பேதம் கிடையாது. நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள்தான் அவசரப்பட்டு ஏறி அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். உயரநோயைத் தடுக்கத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டர் மீட்பை உள்ளடக்கிய காப்பீடு அவசியம்.

தமாங் வழியை முதலில் நடந்துவிட்டு லாங்டாங் ஏறினால் உடம்பு பாதி பழகியிருக்கும். இந்த வரிசைதான் சிறந்தது.

வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்வது?

செருப்பை வெளியே விடுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நமக்குத் தெரியாத சில உண்டு.

அடுப்பு புனிதமானது. தமாங், ஷெர்பா வீடுகளில் நெருப்பில் குப்பை போட மாட்டார்கள். மிட்டாய்த் தாளையோ, மூக்கு துடைத்த காகிதத்தையோ தீயில் எறிந்தால் யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள், ஆனால் மனம் நோகும். ஈர சாக்ஸை அடுப்புக்கு மேல் காயப்போடுவதும் கூடாது. அடுப்புக்கு மேலே தொங்கும் மூங்கில் தட்டியைப் பாருங்கள். இறைச்சித் துண்டம், மிளகாய், பூண்டு எல்லாம் அதில் புகையேறிக் கருத்துக் கிடக்கும். குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டுக்கு அதுதான் சேமிப்பு.

அடுப்பைச் சுற்றி ஒவ்வொருவருக்கும் ஓரிடம் உண்டு. மூத்தவருக்கும் விருந்தினருக்கும் தனி இடம் வைத்திருப்பார்கள். நீங்களாக உட்காராமல், கைகாட்டும் இடத்தில் உட்காருங்கள். கால்களை நெருப்பை நோக்கியோ ஆட்களை நோக்கியோ நீட்டக் கூடாது. யாருடைய காலையும் தாண்டிப் போகக் கூடாது. நடுவில் போக வேண்டியிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள், அவர்களே காலை மடக்கிக்கொள்வார்கள்.

எதையும் வலக்கையால் கொடுங்கள், வாங்குங்கள். இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டபடி கொடுப்பது கூடுதல் மரியாதை. எச்சில் விஷயத்தில் நம்மைப் போலவே கவனமானவர்கள். உங்கள் தட்டில் இருப்பதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். பொதுத் தண்ணீர்ச் செம்பை உதட்டில் படாமல் உயர்த்திக் குடியுங்கள்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீண்ட சுவர் இருக்கும். அதையும் ஸ்தூபிகளையும் உங்கள் வலப்பக்கம் இருக்குமாறு கடந்து போங்கள். அந்தக் கற்களில் உட்காராதீர்கள்.

படம் எடுக்கும் முன் கேளுங்கள். தறியில் உட்கார்ந்து நெய்யும் பெண் வேலை செய்துகொண்டிருக்கிறார், உங்களுக்காகப் போஸ் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை.

என்ன சாப்பிடக் கிடைக்கும்?

தால் பாத். பருப்பு, சோறு, ஒரு காய், ஊறுகாய். காலை பத்து மணி வாக்கில் ஒருமுறை, இரவு ஏழு மணி வாக்கில் ஒருமுறை. இடையில் தேநீரோடு அவித்த உருளைக்கிழங்கோ, பொரித்த சோளமோ. சோறும் பருப்பும் கேட்கக் கேட்க வரும். தட்டில் இடம் இருந்தால் போட்டுக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் தட்டின் மேல் கையைக் குவித்து ‘புக்யோ’ என்று சொல்ல வேண்டும். வாயால் மட்டும் சொன்னால் கூச்சப்படுகிறீர்கள் என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி விழும்.

சோறு மலைக்குக் கீழிருந்து வருவது. அந்த மண்ணில் விளைவது கேழ்வரகும் சோளமும் பாப்பரை என்னும் மலைத்தானியமும் உருளைக்கிழங்கும். அதனால் ஒருவேளையாவது திண்டோ செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். நம் ஊர்க் களிதான். இரும்புச் சட்டியில் தண்ணீர் கொதித்ததும் மாவைத் தூவித் தூவி, தட்டையான மரக்கரண்டியால் அந்த அம்மா கிண்டுவார். சட்டியை ஒரு காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மாவு இறுகி இறுகிக் கரண்டியை இழுக்க ஆரம்பித்த பிறகும் விடாமல் கிண்டுவார். கட்டி தட்டாமல் பளபளவென்று திரண்டு வந்ததும் தட்டில் கவிழ்த்து நடுவில் குழி பறித்து நெய் விடுவார். தொட்டுக்கொள்ள குந்த்ருக் சாறு. கடுகுக்கீரையையும் முள்ளங்கி இலையையும் வாடவைத்து, அடைத்துப் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்ததுதான் குந்த்ருக். அந்தப் புளிப்பு நாக்கில் பட்டதும் ஏறிய களைப்பெல்லாம் போய்விடும்.

விருந்தினருக்குத் திண்டோ போடப் பல வீடுகளில் தயங்குவார்கள். சோறு மதிப்பான உணவு, திண்டோ வசதியில்லாதவர் உணவு என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. நீங்களாகக் கேட்டு, ரசித்துச் சாப்பிட்டு, ‘மீட்டோ ச’ (ருசியாக இருக்கிறது) என்று சொன்னால் அந்த வீட்டில் எல்லோர் முகமும் மலரும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இரவு என்ன வேண்டும் என்பதை மாலை நான்கைந்து மணிக்கே சொல்லிவிடுங்கள், குழுவில் எல்லோரும் ஒரே உணவைக் கேளுங்கள். விறகடுப்பு ஒன்றுதான் இருக்கும். ஆளுக்கொரு சாப்பாடு கேட்டால் அந்த அம்மா ஒன்பது மணி வரை புகையில் நிற்பார். விடியுமுன் எழுந்து மாட்டுக்குத் தீனி போட வேண்டியவரும் அவர்தான்.

சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

தாராளமாக. தால் பாத்தில் இறைச்சி இல்லாமல் கேட்பது சாதாரணம். ‘சாகாஹாரி’ என்று சொல்லுங்கள். முட்டையும் வேண்டாம் என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சூப்பிலும் நூடுல்ஸிலும் உலர்ந்த எருமை இறைச்சி சேர்ப்பதுண்டு. க்யான்ஜின் வரை போனால் பாலாடைக்கட்டியைத் தவறவிடாதீர்கள். 1950களில் சுவிட்சர்லாந்து உதவியோடு அங்கே தொடங்கிய ஆலை அது. அதை ‘யாக் சீஸ்’ என்பார்கள், ஆனால் யாக் என்பது ஆண் விலங்கு. பால் தருவது அதன் பெண்ணான நாக்கும், மாட்டோடு கலந்து பிறக்கும் சௌரியும்.

குடிப்பதில்லை. அவர்கள் ஊற்றிக் கொடுத்தால்?

கேழ்வரகில் காய்ச்சும் ரக்ஸியும், புளிக்கவைத்த ஜாடும் மலை வீடுகளில் உபசாரத்தின் பகுதி. மருந்து, விரதம் என்று காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. கோப்பையை இரு கையாலும் வாங்கி, மோதிர விரலால் ஒரு சொட்டுத் தொட்டு மேலே சுண்டிவிட்டு, உதட்டில் வைத்தது போல் செய்து கீழே வைத்துவிடுங்கள். தேநீர் போதும் என்று முதலிலேயே சொன்னாலும் தவறில்லை.

குடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மிடறு குடித்ததும் கோப்பையை நிரப்புவார்கள், மறுபடியும் நிரப்புவார்கள். மூன்று முறை நிரப்பினால்தான் உபசாரம் முழுமை என்பது இமயத்து வழக்கம். ஆகவே சின்னச் சின்ன மிடறாகக் குடியுங்கள். லாங்டாங் ஏறும் நாட்களில் மதுவே வேண்டாம்.

எவ்வளவு பணம் கொடுப்பது? பேரம் பேசலாமா?

ஹோம்ஸ்டேயில் விலை குழு வைத்ததுதான். பேரம் வேண்டாம். லாட்ஜுகளில் அறை வாடகை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும். இரவும் காலையும் அங்கேயே சாப்பிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் வைத்த வாடகை அது. ஓரிடத்தில் தூங்கிவிட்டு வேறிடத்தில் மலிவாகச் சாப்பிடுவது நியாயமில்லை. மேலே போகப் போக விலை ஏறும். சியாப்ருபேசிக்கு மேலே லாங்டாங் பள்ளத்தாக்கில் வண்டிப் பாதை இல்லாததால், ஒரு கிலோ அரிசியும் கோவேறு கழுதையிலோ மனித முதுகிலோதான் ஏறுகிறது.

இந்திய 100 ரூபாய்க்கு நேபாள 160 ரூபாய். 1993 முதல் இந்த விகிதம் மாறவில்லை. கிராமங்களில் அட்டை செல்லாது. காத்மாண்டுவிலேயே நேபாளப் பணமாக, சில்லறை நோட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது வீட்டுக்கார அம்மாவின் கையிலேயே கொடுங்கள். சமைத்ததும் படுக்கை விரித்ததும் அவர். கைடு மூலம் கொடுத்தால், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அவருக்கும் தெரியும்படி கொடுங்கள்.

குழந்தைகளுக்கு மிட்டாய், பேனா எடுத்துப் போகலாமா?

வேண்டாம். பாதையில் வருகிறவர்களிடம் கைநீட்டும் பழக்கம் அப்படித்தான் வந்தது. பல் மருத்துவர் ஒருநாள் தூரத்தில்கூட இல்லாத ஊரில் மிட்டாய் ஒரு தீங்கு. உதவ நினைத்தால் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்துக் கேளுங்கள். வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோக ஆசைப்பட்டால் நம் ஊர் மசாலாப் பொடி, தேயிலை, கடலை மிட்டாய் போதும். பெரியவர்களிடம் கொடுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள். பெண் கைடுகளும் கிடைக்கிறார்கள். பொக்ராவில் பெண்களே நடத்தும், பெண்களுக்கான மலைப்பயண நிறுவனமும் உண்டு. கிராமத்தில் முட்டி மறையும் உடை நல்லது. இரவில் பாட்டியோடும் பிள்ளைகளோடும் ஒரே அறையில் படுக்கச் சொல்வார்கள். தனியறை வேண்டுமென்றால் முன்பே சொல்லிவிடலாம். நேபாளத்தில் சில சமூகங்களில் மாதவிலக்கு நாட்களில் சமையலறைக்குள் வரக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. தமாங், ஷெர்பா போன்ற பௌத்த மலைச் சமூகங்களில் அந்தக் கண்டிப்பு இல்லை.

கழிப்பறை, குளியல், மின்சாரம்?

கழிப்பறை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, நமக்குப் பழகிய வகையில். டார்ச் அவசியம். குளிக்க ஒரு வாளி வெந்நீர், அதற்குத் தனிக் காசு. அந்த வெந்நீருக்கு விறகு எரிய வேண்டும் என்பதால் தினமும் கேட்காதீர்கள். விளக்கு இருக்கும், சில நாள் இருக்காது. போனுக்கு நேபாள டெலிகாம் சிம் மலையில் மற்றதைவிட நன்றாக எடுக்கும். குடிநீருக்கு குளோரின் மாத்திரையோ வடிகட்டியோ வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பாட்டில் வாங்குவதைத் தவிருங்கள். மலையில் குப்பை வண்டி வராது.

போர்ட்டர் வைத்துக்கொள்வது தவறா?

இல்லை. அது அவர்களுக்கு வருமானம். ஆனால் ஒருவர் முதுகில் 20 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். அவருக்குக் காப்பீடு, கனமான உடுப்பு, நல்ல காலணி, தங்க இடம் இருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். அவருக்கு உடம்பு முடியவில்லை என்றால், உங்களுக்கென்றால் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள். தனியாகக் கீழே அனுப்பாதீர்கள்.

மொழி தெரியாமல் எப்படி?

இந்தி கொஞ்சம் தெரிந்தால் இளையவர்களோடு சமாளிக்கலாம். மூத்த பெண்ணை ‘தீதி’, மூத்த ஆணை ‘தாஜு’, இளையவர்களை ‘பஹினி’, ‘பாய்’, அம்மா வயதில் இருப்பவரை ‘ஆமா’ என்று கூப்பிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை. ‘நமஸ்தே’ எங்கும் போதும். தமாங் ஊரில் ‘லாசோ’ என்று வணங்கிப் பாருங்கள், இரட்டிப்பு வரவேற்பு கிடைக்கும். ஏற்றத்தில் எதிரே வருகிறவர் ‘பிஸ்தாரை’ என்பார், மெதுவாகப் போங்கள் என்று.

2015 நிலநடுக்கத்தைப் பற்றி அவர்களிடம் கேட்கலாமா?

நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலம் நடுங்கியபோது லாங்டாங் கிராமத்தின் மேல் பனியும் பாறையும் சரிந்து ஊரையே மூடியது. ஊராரும் பயணிகளுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பாறைக்கு அடியில் ஒதுங்கியிருந்த ஒரே ஒரு கட்டடம்தான் மிஞ்சியது. இன்றைய லாங்டாங் அந்தச் சரிவுக்குச் சற்று மேலே புதிதாகக் கட்டியது. நீங்கள் நடக்கும் கற்பரப்பு பழைய ஊரின் மேல் கிடக்கிறது. பெயர்கள் பொறித்த நினைவிடம் இருக்கிறது. அங்கே சத்தமாகப் பேசாமல், செல்ஃபி எடுக்காமல் கடந்து போங்கள்.

கட்லாங்கிலும் வீடுகள் இடிந்தன. செதுக்கிய மரச் சன்னலும் பலகைக் கூரையுமாக இருந்த பழைய வரிசைகளுக்கு இடையில் இன்று தகரக் கூரைகளைப் பார்ப்பீர்கள். ‘பழைய அழகு போய்விட்டதே’ என்று அவர்களிடமே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். எடை குறைந்த கூரைக்கு அடியில் பிள்ளைகளைப் படுக்கவைக்க விரும்பும் தாயிடம் சொல்லும் பேச்சா அது? அவராகச் சொல்ல ஆரம்பித்தால் கேளுங்கள். குறுக்கிடாமல் கேளுங்கள்.

ஒரே ஊரில் எத்தனை இரவு தங்கலாம்?

குறைந்தது இரண்டு. முதல் இரவில் நீங்கள் விருந்தாளி, அவர்கள் பரபரப்பாக இருப்பார்கள். இரண்டாம் நாள் காலையில் உருளைக்கிழங்கு தோண்டப் போகும்போது கூடப் போகலாம், விறகு சுமக்கலாம். மதியம் பார்வதி குண்டம் என்னும் குளம் வரை கட்லாங்கின் பிள்ளைகளே கூட்டிப் போவார்கள். நாட்கள் குறைவாக இருந்தால் ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், இரவுகளைக் குறைக்காதீர்கள். துமனை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. கட்லாங்கிலும் பிரித்திமிலும் இரண்டிரண்டு இரவு இருங்கள்.

எடுத்த படங்களை அவர்களுக்கு எப்படி அனுப்புவது?

இளையவர்கள் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்வார்கள். பெரியவர்களுக்குத் தாளில் அச்சிட்ட படம்தான் வேண்டும், சுவரில் ஒட்டுவதற்கு. காத்மாண்டு திரும்பியதும் அங்கே பயணிகள் தங்கும் தமேல் பகுதியில் அச்சிட்டு, எந்த வீடு என்று பின்பக்கம் எழுதி, உங்கள் கைடிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த குழுவோடு மேலே போகும்போது அவர் கொண்டுபோய்க் கொடுப்பார். அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் அதிகம் என்பதால், விமானம் ஏறுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.